வளரும் பிள்ளையும் வளராத பலகையும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டும் 11,842 இருக்கின்றன. குளிர்காலத்தில் அவை உறைந்து கிடக்கும். ஏப்ரல் வாக்கில் பனிக்கட்டி உடையும். மே மாதக் கடைசித் திங்களன்று வரும் மெமோரியல் டே விடுமுறையோடு படகுகள் தண்ணீரில் இறங்கும். செப்டம்பர் முதல் திங்களான லேபர் டே கழிந்ததும் ஒவ்வொன்றாகக் கரையேறிவிடும். படகின் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி பலகைமேல் நின்று வழுக்கிப்போகும் வாட்டர் ஸ்கீயிங்குக்கு அங்கே ஆண்டில் கிடைப்பது மூன்று மாதம்தான். மிச்ச ஒன்பது மாதமும் பலகைகள் கராஜ் சுவரில் தொங்கும். பிள்ளைகள் மட்டும் வளர்ந்துகொண்டிருப்பார்கள்.

அடுத்த மே மாதம் சுவரிலிருந்து இறக்கிப் பார்த்தால் பெரியவனுக்குப் பலகையின் கால் உறையான பைண்டிங்கில் கால் நுழையாது. சின்னவளுக்கு அண்ணனின் பைண்டிங் இன்னும் தொளதொளவென்று இருக்கும். அம்மாவின் லைஃப் ஜாக்கெட்டில் கொக்கி உடைந்திருக்கும். அப்பா தன் கல்லூரிக் காலத்து ஸ்லாலம் ஸ்கீயை, அதாவது ஒற்றைப் பலகையை, ஆசையோடு பார்ப்பார். அவர் எடையோ அந்தப் பலகை தாங்கும் எடையைக் கடந்து பல வருஷம் ஆகியிருக்கும். கடைக்குப் போனால் தீர்வு தயாராக இருக்கிறது: குடும்பத்துக்கு மொத்தமாக ஒரு பேக்கேஜ். பலகை, கயிறு, ஜாக்கெட், கையுறை எல்லாம் ஒரே பெட்டியில். இந்தப் பேக்கேஜ்தான் இந்த விளையாட்டில் காசைக் கரைக்கும் முதல் வழி என்பது என் கட்சி.

காரணம் எளிது. ‘சைஸ்’ என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வது இங்கே ஒரே அளவு அல்ல. பலகையைத் தேர்வது உடல் எடையையும் படகின் வேகத்தையும் பொறுத்தது; உயரத்துக்கு அதில் பெரிய பங்கில்லை. பைண்டிங் பாதத்தைப் பொறுத்தது. ஜாக்கெட் சிறு பிள்ளைகளுக்கு எடையாலும் பெரியவர்களுக்கு மார்புச் சுற்றளவாலும் அளக்கப்படுகிறது. கயிற்றுக்கு ஆளின் அளவே தேவையில்லை, இழுக்கப்படும் பாரம்தான் கணக்கு. வளரும் பிள்ளையின் உடம்பில் இவை எல்லாம் ஒரே சீராகக் கூடுவதில்லை. பதின்வயதை எட்டும் பையனுக்கு முதலில் பாதம் நீளும், பிறகு உயரம் கூடும், சதை கடைசியாகத்தான் போடும். ஒரே நாளில் ஒரே பெட்டியில் வாங்கியவை ஒரே நாளில் சிறுத்துப்போகாது. எதில் வளர்ச்சிக்கு இடம் விடலாம், எதில் விடவே கூடாது என்று பிரித்துவிட்டால் பாதிச் செலவு அங்கேயே குறைந்துவிடும்.

பலகையில் நிறையவே இடம் விடலாம். அதிலிருந்து தொடங்குவோம்.

ஏறக்குறைய ஆறேழு வயது வரையிலான பிள்ளைகளுக்கு வருவது டிரெய்னர் ஜோடி. 45 முதல் 48 அங்குல நீளம். இரு பலகைகளும் விலகிப்போகாதபடி நுனியில் ஒரு குறுக்குச் சட்டமோ கயிறோ இணைத்திருக்கும். அதற்கு அடுத்தது 54 முதல் 59 அங்குல ஜூனியர் காம்போ. பெரியவர்களுக்கு 67, 68 அங்குல காம்போ. காம்போ என்பது வெறும் ஜோடி அல்ல. இரண்டு பலகையில் ஒன்றில் முன்பைண்டிங்குக்குப் பின்னால் இன்னொரு கால் நுழைக்க ஒரு வார் இருக்கும். இரட்டையில் பழகியவர் ஒரு பலகையை உதறிவிட்டு அந்தக் காலைப் பின்வாரில் செருகி ஒற்றைப் பலகையில் போகலாம். அதாவது ஒரு ஜோடி வாங்கினால் இரண்டு விளையாட்டுக்குக் கருவி கிடைக்கிறது. குடும்பக் கணக்கில் இதைவிட லாபமான பொருள் இந்தத் தொழிலில் கிடையாது. கடைக்காரர்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. காம்போவில் அவர்களுக்கு லாபம் குறைவு என்பதால் இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஒரே ஜோடி பலருக்கு எப்படிப் பொருந்தும்? பலகை ஆளைத் தாங்குவது அதன் பரப்பாலும் வேகத்தாலும். வேகத்தின் பங்கு இருமடிப்படியானது. வேகத்தை இரட்டித்தால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். 80 கிலோ அப்பாவை மணிக்கு 22 மைல் வேகத்தில், அதாவது சுமார் 35 கிலோமீட்டரில், ஒரு ஜோடி தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஜோடியில் 40 கிலோ மகள் நின்றால், எடை பாதி என்பதால் வேகம் இரண்டின் வர்க்கமூலத்தால் வகுபடும்: மணிக்கு பதினைந்தரை மைல் போதும். இது ஏட்டுக் கணக்கு. தயாரிப்பாளர்கள் வழக்கமாகத் தரும் வேக அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இரட்டைப் பலகையில் 50 பவுண்டுக்குக் குறைந்த பிள்ளைக்கு 13 மைல், 50 முதல் 100 பவுண்டு வரை 16, 100 முதல் 150 வரை 20, அதற்கு மேல் 180 வரை 22. கணக்கும் அனுபவமும் அநேகமாகக் கைகோத்தே போகின்றன.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் காசு சம்பந்தப்பட்டது. படகின் வேகப்பிடியே செலவில்லாத சைஸ் மாற்றி. சற்றுப் பெரிய பலகையில் நிற்கும் பிள்ளைக்கு வேகத்தைக் குறைத்துக் கொடுத்தால் பலகை பொருந்திவிடும். ஏரிக்கரையில் ‘இந்தப் பலகை இவளுக்குச் சரிப்படவில்லை’ என்ற புலம்பல் பல நேரம் பலகையைப் பற்றியதே அல்ல. அப்பா தனக்குப் பழகிய வேகத்திலேயே மகளையும் இழுக்கிறார், அவ்வளவுதான். பலகை தண்ணீரில் படபடவென அடிக்கிறது, பிள்ளை மிரள்கிறது, அடுத்த வாரம் புதுப் பலகை வருகிறது.

ஆனால் இந்தத் தாராளத்துக்கும் எல்லை உண்டு. அது ஓடும்போது அல்ல, கிளம்பும்போது தெரியும். தண்ணீரில் முழங்காலை மார்போடு ஒட்டிக் குந்தி, பலகை நுனியை வெளியே நீட்டி, கயிறு இறுகக் காத்திருக்கும் அந்த நிமிடத்தைப் பாருங்கள். பலகைக்கு மிதவைத் தன்மை உண்டு. 20 கிலோ பிள்ளையின் காலில் 67 அங்குலப் பலகை மாட்டினால், அது பிள்ளையின் காலை இஷ்டப்படி தூக்கும், புரட்டும், இரண்டு பக்கமும் விரிக்கும். சின்னத் தொடைக்கு அதை அடக்கும் பலம் இருக்காது. நுனிச் சட்டம் உள்ள டிரெய்னர் பிறந்தது இதற்காகத்தான். எனவே முதல் ஜோடி குட்டையாக, நுனி இணைத்ததாக இருக்கட்டும். அதைத் தாண்டியதும் ஜூனியர் காம்போவை நெடுநாள் ஓட்டலாம். அதன் மேல்வரம்பு பெரும்பாலும் 120, 130 பவுண்டு வரை போகிறது. பதினான்கு வயது வரை அதுவே போதுமான பிள்ளைகள் ஏராளம். பிள்ளை தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது என்பதற்காகப் பலகையை மாற்ற வேண்டியதில்லை. தராசில் நிறுத்திப் பார்த்து முடிவு செய்தால் போதும்.

பைண்டிங் வேறு கதை. இது காலைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்கும் ரப்பர் உறை. இங்கே ‘வளரும் பிள்ளை, கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்’ என்ற தாராளம் கணுக்காலில் போய் முடியும். விழும்போது இரண்டு காலும் ஒன்றாகக் கழன்று வரவேண்டும், அல்லது இரண்டும் உள்ளேயே இருக்கவேண்டும். ஒன்று கழன்று மற்றொன்று மாட்டிக்கொண்டால், நீளமான பலகை நெம்புகோலாகிக் கணுக்காலை முறுக்கும். ஒற்றைப் பலகையில் இரண்டு காலுக்கும் முழு உறை போட்டிருந்தால் இந்த அபாயம் அதிகம். முன்காலுக்கு உறையும் பின்காலுக்கு வெறும் வாரும் உள்ள அமைப்பைத்தான் பழகுகிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நான் சொல்வேன்.

இதற்கான நல்ல விடை ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது. குதிகால் பகுதி தண்டவாளம்போல் முன்னும் பின்னும் நகரும் சரிசெய்யும் பைண்டிங். ஒரு பொத்தானை அழுத்தி நகர்த்தினால் இரண்டாம் எண் செருப்புக்காரரிலிருந்து ஏழாம் எண்காரர் வரை ஒரே உறையில் கால் வைக்கலாம். படகு நடு ஏரியில் நிற்கும்போதே அண்ணன் இறங்க, தங்கை ஏற, அரை நிமிடத்தில் அளவு மாறிவிடும். விலை உயர்ந்த, கால் அச்சுக்கு ஏற்ப வார்த்த கடின உறை பைண்டிங்கோடு ஒப்பிட்டால் பிடிமானம் கொஞ்சம் குறைவுதான். போட்டிக்குப் போகாத குடும்பத்துக்கு அந்தக் கொஞ்சத்தால் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் ஒவ்வொரு கோடையின் தொடக்கத்திலும் கரையிலேயே போட்டுப் பார்க்க வேண்டும்: குதிகால் பின்சுவரில் ஒட்டியிருக்கிறதா, காலைத் தூக்கினால் குதிகால் மேலே வழுக்குகிறதா, பாதம் மரத்துப்போகிறதா. உலர்ந்த காலில் நுழையாத உறை நனைந்த காலில் நுழையும். சிலர் இன்னும் சுலபத்துக்குச் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். பெட்ரோலிய ஜெல்லி மட்டும் வேண்டாம், ரப்பரைத் தின்றுவிடும்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். இதில் இடம் விடுவது என்ற பேச்சே கூடாது. தீபாவளிச் சட்டையை ஒரு சைஸ் பெரிதாக எடுத்து இரண்டு வருஷம் ஓட்டிய பரம்பரை நம்முடையது; அந்தப் புத்தி எந்த நாட்டுக்குப் போனாலும் கூடவே வரும். சட்டை பெரிதானால் கையை மடித்துவிடலாம். ஜாக்கெட் பெரிதானால், தண்ணீரில் அது மேலே மிதக்க, பிள்ளை அதற்குள்ளிருந்து கீழே நழுவும். பரிசோதனை எளிது. ஜாக்கெட்டைப் போட்டு எல்லாக் கொக்கியையும் இறுக்கியபின், இரு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் விளிம்பு காதை நோக்கி ஏறினாலோ மோவாய் உள்ளே போனாலோ அது அந்தப் பிள்ளைக்கு ஆகாது.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அனுமதி முத்திரை உள்ளே தைத்த துணிச்சீட்டில் இருக்கும். அளவுகள் எடையால் பிரிந்தவை: 30 பவுண்டுக்குக் குறைந்தவர்களுக்கு ஒன்று, 30 முதல் 50 வரை குழந்தை அளவு, 50 முதல் 90 வரை இளையோர் அளவு, 90 பவுண்டைத் தாண்டினால் பெரியவர் அளவு. கிலோவில் சொன்னால் பதினான்கு, இருபத்து மூன்று, நாற்பத்தொன்று ஆகியவைதான் படிகள். வாட்டர் ஸ்கீயிங்குக்கு வழக்கமாக அணிவது ‘டைப் 3’ என்று பழைய சீட்டுகளில் குறித்த வகை. புதிய சீட்டுகளில் அதற்குப் பதிலாக ‘லெவல் 70’ என்றிருக்கும். பழைய சீட்டு இருப்பதாலேயே ஜாக்கெட் செல்லாததாகிவிடாது. இந்த வகையில் பெரியவர் ஜாக்கெட்டுக்குக் குறைந்தபட்ச மிதப்பு 15.5 பவுண்டு, இளையோருக்கு 11, குழந்தைக்கு 7. இந்த எண்களைப் பார்த்தால், ஏழு வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் ஜாக்கெட்டை வாரை இழுத்து மாட்டிவிட்டால் மிதப்பு அதிகம்தானே, இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். மிதப்பு மேலே போகும், பிள்ளை கூடப் போகாது. அதுதான் சிக்கல்.

கழிவு விலையில் கிடைக்கும் இரண்டு பொருள்களிடம் எச்சரிக்கை வேண்டும். ஒன்று, போட்டி வெஸ்ட். மெல்லிசாக, உடம்பை ஒட்டி, பார்க்க அழகாக இருக்கும். உள்ளே சீட்டைப் புரட்டினால் கடலோரக் காவல்படை அனுமதி இல்லை என்று எழுதியிருக்கும். அது தேர்ந்த வீரருக்கு அடிபடாமல் இருக்கச் செய்த உடுப்பு, உயிர் காக்கச் செய்ததல்ல. மற்றொன்று, கயிற்றை இழுத்தால் காற்று நிரம்பும் ஜாக்கெட். வேகமாக விழும் விளையாட்டுக்கும் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் அது ஏற்புடையதல்ல. இவற்றை ஒதுக்கிவிட்டால், நல்ல நுரை ஜாக்கெட் 40 டாலரிலிருந்தே கிடைக்கிறது. மொத்தச் செலவில் இது சிறிய தொகைதான். இதையும் பழசாக வாங்கி மிச்சம் பிடிக்க நினைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். நுரை வெயிலிலும் அழுத்தத்திலும் நாள்பட மிதப்பை இழக்கிறது. அண்ணன் போட்டதைத் தம்பிக்குக் கொடுப்பதில் தவறில்லை, அதன் வரலாறு வீட்டாருக்குத் தெரியும். யாரோ படகில் உட்காரும் மெத்தையாகப் பயன்படுத்திய ஜாக்கெட்டின் வரலாறு யாருக்குத் தெரியும்?

கயிற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், ஒன்றைத் தவிர. வழக்கமான ஸ்கீ கயிறு கைப்பிடிப் பகுதி உட்பட 75 அடி. அதே கயிற்றில் காற்றடைத்த டியூபைக் கட்டி இரண்டு பிள்ளைகளை ஏற்றி இழுக்கிற வழக்கம் எல்லா ஏரியிலும் உண்டு. அமெரிக்க நீர் விளையாட்டுத் தொழில் சங்கத்தின் வழிகாட்டுதல்படி டியூபில் ஒருவரானால் கயிறு 1,500 பவுண்டு இழுவையைத் தாங்க வேண்டும், இருவரானால் 2,375, மூவரானால் 3,350, நால்வரானால் 4,100. தண்ணீரில் அமுங்கிய டியூபின் இழுவை ஆள் எடையைவிடப் பல மடங்கு. அறுந்த கயிறு சும்மா விழாது, சாட்டைபோல் படகுக்குள் திரும்பும். எனவே டியூப் உள்ள வீட்டில் இரண்டு கயிறு வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க இடமில்லை. கைப்பிடியில் பிள்ளைகளுக்கு மெல்லிய பிடி நல்லது. விரல்கள் முழுசாகச் சுற்றி மூடவில்லையென்றால் முன்கை சீக்கிரம் சோர்ந்துவிடும். பழகும் பிள்ளை கையைவிட்டு விழுவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தடித்த பிடிதான். ஒற்றைப் பலகையில் கிளம்பப் பழகும் காலத்தில், ‘வி’ வடிவம் ஆழமான கைப்பிடி வாங்கினால் பலகை நுனி இரு கயிறுகளுக்கு நடுவில் ஆடாமல் நிற்கும்.

இனி விலை. புது டிரெய்னர் ஜோடி சுமார் 150 முதல் 250 டாலர். பெரியவர் காம்போ 250 முதல் 400 வரை. போட்டித்தரமான கார்பன் ஸ்லாலம் பலகையோ பைண்டிங் இல்லாமலே ஆயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும்.

இந்த விலைப்பட்டியலைப் பார்க்கும்போது ரால்ஃப் சாமுவேல்சனை நினைக்காமல் இருக்க முடியாது. மினசோட்டாவின் லேக் சிட்டியில், மிசிசிப்பி நதி அகன்று ஏரியாகும் லேக் பெப்பின் கரையில் வாழ்ந்த பையன். பனியில் சறுக்குவதைத் தண்ணீரில் ஏன் செய்யக்கூடாது என்று யோசித்து, முதலில் பீப்பாய்ப் பலகையில் முயன்றார், தோற்றார். பனிச்சறுக்குப் பலகையில் முயன்றார், தோற்றார். கடைசியில் மரக்கடையில் எட்டடி நீளம், ஒன்பது அங்குல அகலத்தில் இரண்டு பைன் பலகை வாங்கி, நுனியை அம்மாவின் துணி வெளுக்கும் செம்புக் கொப்பரையில் வேகவைத்து வளைத்தார். காலுக்குத் தோல் வார். கயிறாக ஜன்னல் கதவுக்குப் போடும் நூறடிக் கயிறு. படகை ஓட்டியவர் அண்ணன் பென். 1922 ஜூலை 2 அன்று, பத்தொன்பது வயது நிறைவதற்கு முதல் நாள், எழுந்து நின்றார். அவர் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. 1925இல் ஃபிரெட் வாலர் என்பவர் ‘டால்ஃபின் அக்வா-ஸ்கீஸ்’ என்ற பெயரில் வாங்கினார். பிற்காலத்தில் சினிராமா அகலத்திரையை உருவாக்கியவரும் அதே வாலர்தான். சாமுவேல்சன்தான் முதல்வர் என்பதை அந்த விளையாட்டுச் சங்கம் ஏற்றுக்கொள்ள 1960கள் வரை ஆயிற்று.

வேகவைத்த பைன் பலகைக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. எட்டடிப் பலகையில் சாமுவேல்சன் நின்றது அன்றைய படகின் வேகம் குறைவு என்பதால். பரப்பு பெரிதாக இருந்ததால் தாங்கியது. இன்றைய ஆயிரம் டாலர் பலகை அதற்கு நேரெதிர். ஆண்கள் போட்டியில் படகு மணிக்கு 36 மைல் வேகத்தில், அதாவது 58 கிலோமீட்டரில், நேர்க்கோட்டில் போகும். வீரர் இருபக்கமும் மாறிமாறி ஆறு மிதவைகளைச் சுற்றி வரவேண்டும். அந்த வேகத்தில் திரும்புவதற்காகச் செதுக்கிய ஒடுக்கமான பலகை, 26 மைலில் ஞாயிற்றுக்கிழமைக் குடும்பஸ்தரைத் தாங்காது. கிளம்பும்போதே படகுக்குப் பின்னால் ஆழத்தில் இழுபட வைக்கும். விலை கூடினால் பொருத்தம் கூடும் என்ற நம்பிக்கை இந்தக் கடையில் பலிக்காது. வீட்டுக்கு ஒரு ஸ்லாலம் பலகை வேண்டுமானால் முன்பகுதி அகன்ற, மெதுவேகத்துக்கென்றே செய்த பலகை ஒன்று போதும். குறைந்த வேகத்திலேயே எழுந்துவிடும், கை இழுபடாது. சரிசெய்யும் பைண்டிங் போட்டுவிட்டால் அம்மா, அப்பா, பதினாறு வயதுப் பிள்ளை மூவரும் அதையே பகிரலாம். பதின்வயதுப் பிள்ளைக்கு எனத் தனியாக ஸ்லாலம் பலகை வாங்குவதை எடை ஓரிடத்தில் நிலைக்கும்வரை தள்ளிப்போடுவது நல்லது. அவன் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும்.

பழைய பொருள் சந்தை இந்த விளையாட்டில் வளமானது. காரணம் முன்பே சொன்னதுதான்: மூன்று மாதம் ஓடி, ஒன்பது மாதம் தொங்கிய பலகை தேய்வதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுகிறது. வசந்தகால கராஜ் சேல்கள், கிளப்கள் நடத்தும் ஸ்கீ ஸ்வாப் எனப்படும் பழைய பொருள் விற்பனை நாள்கள், ஏரிக்கரை வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர்களின் முற்றம் என எங்கும் பலகைகள் சாய்ந்து நிற்கும். ஓப்ரையன், கானலி, எச்ஓ, ரேடார் என்ற பெயர்கள்தான் மீண்டும் மீண்டும் கண்ணில் படும். எந்தப் பெயரானாலும் பார்க்க வேண்டியவை ஒன்றே.

முதலில் பலகையைத் திருப்பிப் போட்டு, விளிம்பு நெடுகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போகவேண்டும். எங்காவது மெத்தென்று அமுங்கினால் உள்ளே தண்ணீர் இறங்கி நுரை கெட்டிருக்கிறது என்று பொருள். மேல்தோல் பிரியத் தொடங்கியிருக்கும். பைண்டிங் தட்டை இறுக்கும் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்க வேண்டும். சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளிருக்கும் பித்தளைப் பொருத்து பெயர்ந்துவிட்டது. அடியில் உள்ள துடுப்பு வளைந்தோ விரிசல் விட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ரப்பரை இரண்டு விரலால் இழுத்து மடித்துப் பாருங்கள். மடிப்பில் மெல்லிய வெடிப்புகள் வலைபோல் தோன்றினால், விரலில் கறுப்பாக மாவு ஒட்டினால், அந்த ரப்பர் செத்துவிட்டது. தண்ணீரில் முதல் இழுப்பிலேயே கிழியும். இதற்காகப் பலகையை ஒதுக்கவேண்டியதில்லை. விலையில் பாதி குறைக்கச் சொல்லுங்கள், பைண்டிங்கை மட்டும் புதிதாக வாங்கிப் போடுங்கள். பலகை பழசு, உடம்பைத் தொடுவது புதுசு: குடும்பத்துக்கு நான் பார்த்தவரை மலிவான, சரியான கூட்டணி இதுதான். ஆனால் புதுத் தட்டின் துளைகள் பழைய பலகையின் துளைகளோடு பொருந்துமா என்று முதலில் அளந்துகொள்ள வேண்டும். புதிதாகத் துளையிட்டால் தண்ணீர் இறங்க வழி திறந்ததாகிவிடும்.

மரப் பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வார்னிஷ் மின்னும் பழைய மர ஸ்கீக்களுக்கு இப்போது ஓட்டுகிறவர்களைவிடச் சுவரில் மாட்டுகிறவர்களே அதிகம் போட்டி போடுகிறார்கள். அலங்காரத்துக்கு வாங்குங்கள், பிள்ளைக்கு வேண்டாம்.

குளிர்நீர் உடுப்பும் கையுறையும் பழசாகவே வாங்கலாம், கைமாற்றிக் கொடுக்கலாம். ஜூன் மாத வடக்கத்தி ஏரியில் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் உதடு நீலமாகிவிடும். மெல்லிய அரைக்கை உடுப்பு ஒன்று இருந்தால் பயிற்சி நேரம் இரட்டிக்கும். உடம்பை ஒட்டியிருக்க வேண்டும் என்பது தவிர அதில் பெரிய நுணுக்கம் எதுவும் இல்லை. அது மிதக்க வைக்கும் என்று எண்ணி ஜாக்கெட்டைக் கழற்றிவிடாமல் இருந்தால் சரி.

பொருத்தம் என்பதைக் கருவியோடு நிறுத்திக்கொண்டால் விட்டுப்போகும் ஒன்று பூம். படகின் நடுத்தூணிலிருந்து பக்கவாட்டில் தண்ணீருக்கு மேலே நீண்டு நிற்கும் உலோகக் கம்பம் அது. பிள்ளை அதையோ அதில் கட்டிய குட்டைக் கயிற்றையோ பிடித்துக்கொண்டு, படகுக்குப் பக்கத்திலேயே, பின்னலை இல்லாத தெளிந்த நீரில் எழுந்து நிற்கலாம். அம்மா கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வரலாம். 75 அடி பின்னால் தனியாக மிதக்கும் பயம் இல்லாததாலேயே பாதிப் பிள்ளைகள் முதல் முறையே எழுந்துவிடுகிறார்கள். புதிதாக வாங்க நூறுகணக்கில் டாலர் ஆகும். நடுத்தூண் இல்லாத சாதாரணப் படகில் பொருத்தவும் முடியாது. இதற்கும் இன்னும் பலவற்றுக்கும் கிளப் என்ற வழி இருக்கிறது.

விஸ்கான்சினிலும் மினசோட்டாவிலும் ஊருக்கு ஊர் ஷோ ஸ்கீ கிளப்கள் உண்டு. கோடை மாலைகளில் இலவசமாகக் காட்சி நடத்தும் உள்ளூர்க் குழுக்கள் அவை. மினோக்குவா ஊரின் மின்-அக்வா பேட்ஸ் 1950லிருந்து இயங்குகிறது. ஜேன்ஸ்வில் ஊரின் ராக் நதியில் 2018இல் 80 பேர் சேர்ந்து தண்ணீரில் மனிதப் பிரமிடு கட்டி இழுபட்டார்கள். இப்படிப்பட்ட குழுக்களுக்கு ஆண்டுதோறும் புதுப் பிள்ளைகள் தேவை. அதனால் பல குழுக்கள் கற்றுக்கொடுக்கும் நாள்களை நடத்துகின்றன. படகும் பூமும் எல்லா அளவு டிரெய்னர்களும் அவர்களிடமே இருக்கும். பிள்ளைக்கு இந்த விளையாட்டு பிடிக்குமா என்றே தெரியாத முதல் கோடையில் ஒரு டாலர்கூடச் செலவழிக்காமல் இங்கே தெரிந்துகொள்ளலாம். தண்ணீருக்குப் பயந்த பிள்ளைக்கு வாங்கிய டிரெய்னர் ஜோடிதான் அடுத்த வசந்தத்தில் கராஜ் சேலில் மின்னிக்கொண்டு நிற்கிறது. அதை வாங்குகிறவருக்கு யோகம்.

இன்னொன்று, கடையில் விற்காதது: படகில் ஓட்டுநரைத் தவிர இன்னொரு ஆள். மினசோட்டா சட்டப்படி பின்னால் இழுபடுகிறவரை இடைவிடாமல் கவனிக்க ஒருவர் இருக்கவேண்டும், அல்லது அகன்ற பார்வை தரும் கண்ணாடி இருக்கவேண்டும். கண்ணாடி மலிவு. ஆனாலும் பிள்ளை இழுபடும் படகில் ஆளே இருக்கட்டும் என்பேன். விழுந்த பிள்ளையை ஏற்றும்போது இன்ஜினை முழுக்க அணைத்துவிட்டார்களா என்று பார்க்கவும் அந்த இரண்டாம் ஆள் வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டோம் என்பதெல்லாம் சமாதானம் ஆகாது.

எப்போது வாங்குவது? ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை கடைகள் அந்த வருஷ மாடலைத் தள்ளுபடியில் தள்ளிவிடும். பலகை, கயிறு, கைப்பிடி, பெரியவர்களுக்கான எல்லாவற்றையும் அப்போதே வாங்கி வைக்கலாம். பலகையின் வண்ணக்கோலம் மாறுமே தவிர வடிவம் ஒரு வருஷத்தில் பெரிதாக மாறுவதில்லை. சரிசெய்யும் பைண்டிங்கையும் வாங்கலாம், பிள்ளையின் இன்றைய பாதம் அதன் அளவு வரம்பின் கீழ்ப்பாதியில் இருந்தால். பிள்ளைகளின் ஜாக்கெட்டை மட்டும் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அப்போது தொடவேண்டாம். செப்டம்பரில் 48 பவுண்டு இருக்கிறவள் ஜூனில் எந்தப் பக்கம் இருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது. மே மாதம் வரட்டும். அவளையே கடைக்கு அழைத்துப்போய், போட்டுவிட்டு, தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.